கதை, தூரிகை, உடல்: ஹாகுயின் ஏகாகுவின் வாழ்வில் ஜென் பயிற்சியும் கற்பித்தலும் படைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய ரின்சாய் ஜென் மரபைப் பதினெட்டாம் நூற்றாண்டில் புதுப்பித்தவர் ஹாகுயின் ஏகாகு (1686-1769). தியானப் பயிற்சியாளர், ஆசிரியர், ஓவியர், எழுத்தாளர் எனப் பல நிலைகளில் இயங்கிய இவர், இளமையில் கதை, தூரிகை, உடல் ஆகிய மூன்றையும் பயிற்சிக்கு உதவாதவை எனக் கருதி ஒதுக்கினார். முதுமையில் அம்மூன்றையுமே தம் கற்பித்தலின் முதன்மைக் கருவிகளாகக் கொண்டார். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தியானத்திற்கும் படைப்பிற்கும் இடையிலான முரண், கற்பித்தல் என்னும் மூன்றாவது செயலின்வழியே தீர்வு பெற்றது என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

திறவுச்சொற்கள்: ஜென், ரின்சாய் மரபு, ஹாகுயின் ஏகாகு, கோஆன், தியானம், கற்பித்தல், மை ஓவியம்.

முன்னுரை

தமிழ் வாசகர்க்கு ஜென் பெரும்பாலும் இரண்டு வாயில்களின் வழியாக அறிமுகமாகியுள்ளது. ஒன்று, ஹைக்கூ. பாரதியார் 1916இல் எழுதிய 'ஜப்பானியக் கவிதை' என்னும் கட்டுரை முதலாக அவ்வடிவம் தமிழில் பேசப்பட்டு வருகிறது. மற்றொன்று, ஆசானும் மாணவரும் உரையாடும் சின்னஞ்சிறு கதைகள். இவ்விரண்டும் ஜென்னின் கனிகளைக் காட்டுகின்றன. அக்கனி விளைந்த நிலத்தையும் உழவையும் காட்டுவதில்லை. ஆண்டுக்கணக்கான அமர்வு, ஆசானின் கடுமை, தோல்வி, நோய், மீண்டும் தொடங்குதல் ஆகியவை கதையின் சுருக்கத்துள் மறைந்துவிடுகின்றன. இதனால் ஜென் என்பது முயற்சியின்றிக் கைகூடும் ஒரு மனநிலை என்ற எண்ணமும், ஜென் கலை என்பது கலைஞரின் தன்னியல்பான வெளிப்பாடு என்ற எண்ணமும் எளிதில் வேரூன்றிவிடுகின்றன.

இவ்விரு எண்ணங்களையும் மறுபரிசீலனை செய்வதற்கு ஹாகுயினின் வாழ்வு தக்க களமாக அமைகிறது. இவர் தம் பயிற்சியைப் பற்றித் தாமே விரிவாக எழுதியுள்ளார். இவருடைய மாணவர் தோரேய் என்ஜி (1721-1792) ஆசானின் வாழ்க்கை வரலாற்றை ஆண்டு வரிசையில் தொகுத்துள்ளார். இவர் தீட்டிய ஓவியங்களும் எழுத்துச்சுருள்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இன்றும் எஞ்சியுள்ளன. பயிற்சி, கற்பித்தல், படைப்பு ஆகிய மூன்றையும் ஒருவரிடத்திலேயே ஒப்பிட்டு நோக்க இச்சான்றுகள் இடமளிக்கின்றன.

ஜென்: சொல்லும் மரபும்

'தியானம்' என்னும் வடசொல் சீனத்தில் 'சான்னா' என ஒலிபெயர்க்கப்பட்டுப் பின்னர் 'சான்' எனக் குறுகியது. அதுவே ஜப்பானில் 'ஜென்' ஆயிற்று. எனவே பெயரளவிலேயே இது தியானத்தை மையமாகக் கொண்ட பௌத்தப் பிரிவு என்பது விளங்கும். இம்மரபு தன் முதல்வராகப் போதிதருமரைப் போற்றுகிறது. அவரைப் பற்றிய பழஞ்சான்றுகள் ஒருமித்தவை அல்ல. கி.பி. 547ஐ ஒட்டி எழுதப்பட்ட லோயாங் நகர விகாரைகளைப் பற்றிய நூல் அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. அவருடைய மாணவர் வட்டத்தோடு தொடர்புடைய தான்லின் என்பவரின் குறிப்போ அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் எனக் கூறுகிறது. காஞ்சியோடு அவரை இணைக்கும் தமிழக வழக்கு இவ்விரண்டாம் மரபின் வழிவந்த வளர்ச்சியாகும். வரலாற்றளவில் உறுதியற்ற இம்முதல்வரே ஹாகுயினின் ஓவியங்களில் மிகுதியாக இடம்பெறும் உருவம் என்பது இங்குக் கருதத்தக்கது.

ஹாகுயின் வாழ்ந்த தொக்குகாவா ஆட்சிக் காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்தக் கோயிலில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அரசின் விதி. இதனால் கோயில்களுக்கு நிலையான வருவாய் கிடைத்தது. துறவியர் குடிப்பதிவையும் ஈமச்சடங்கையும் கவனிக்கும் அலுவலராக மாறினர். நிறுவனம் வலுப்பெற்ற அதே காலத்தில் பயிற்சி தளர்ந்தது. பயிற்சியின்றி அமைதியாக அமர்ந்திருப்பதே போதும் எனக் கருதியோரை ஹாகுயின் தம் நூல்களில் கடுமையாகச் சாடுகிறார். அவருடைய கடுமைக்கான வரலாற்றுக் காரணம் இச்சூழலே எனலாம்.

முதல் ஒதுக்கல்: கதை

எதோ நகரையும் கியோட்டோவையும் இணைத்த தொக்காய்தோ பெருவழியில் ஐம்பத்து மூன்று தங்கல் ஊர்கள் இருந்தன. அவற்றுள் பதின்மூன்றாவது ஹரா. ஃபுஜி மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்வூரில்தான் ஹாகுயின் பிறந்தார். தாய் நிச்சிரென் பிரிவில் ஈடுபாடு கொண்டவர். சிறுவனாக இருந்தபோது நரகங்களைப் பற்றிய ஒரு சமயச் சொற்பொழிவைக் கேட்டு அவர் நடுங்கினார். பின்னொரு நாள் குளியல் தொட்டியின் அடியில் விறகு எரியும் ஓசை கேட்டதும் நரக நெருப்பே தம்மைச் சூழ்ந்ததாக அலறினார். இவ்வச்சத்திலிருந்து விடுபடும் வழியைத் தேடியே 1699இல் ஹராவிலிருந்த ஷோயின்ஜி என்னும் சிறு கோயிலில் துறவு ஏற்றார்.

துறவேற்ற சில காலத்திற்குள் அவர் தாமரைச் சூத்திரத்தைப் படித்தார். மகாயான பௌத்தத்தின் தலையாய நூலாகப் போற்றப்படும் அது அவருக்கு ஏமாற்றத்தையே அளித்தது. அதன் பெரும்பகுதி காரண காரியத்தை விளக்கும் உவமைக் கதைகளாக இருப்பதாகவும், கதைகளால் விடுதலை கிட்டுமெனில் பிற நூல்களுக்கும் அதற்கும் வேறுபாடு என்ன என்றும் அவர் எண்ணினார்.

இன்னொரு கதை அவரை மேலும் குலைத்தது. சீன ஆசான் யாந்தோவ் (828-887) கொள்ளையரால் கொல்லப்பட்டபோது எழுப்பிய அலறல் நெடுந்தொலைவு கேட்டதாக மரபு கூறும். மெய்யறிவு பெற்றவராலேயே ஒரு வாள்வீச்சைத் தடுக்க முடியவில்லை என்றால், எளிய துறவி ஒருவர் நரகத்திலிருந்து தப்புவது எங்ஙனம் என்ற ஐயம் இளைஞரைப் பற்றியது. நம்பிக்கை இழந்த அவர், துறவாடையைக் களையாமலேயே சமயத் தேடலைக் கைவிட்டு, இலக்கியமும் எழுத்துக்கலையும் பயின்று புகழ்பெறலாம் எனத் திசைமாறினார். கற்றுத்துறைபோன கவிஞரான பாஓ என்னும் துறவியிடம் சேர்ந்தது இந்நோக்கத்தோடுதான்.

அங்கே ஒருநாள் கோயில் நூல்கள் வெயிலில் உலர்த்தப்பட்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்த நூலொன்றை அவர் எடுத்தார். மிங் காலத்துத் துறவி ஒருவர் தொகுத்த, ஜென் மாணவரை ஊக்கும் நிகழ்ச்சிகள் அடங்கிய நூல் அது. இரவில் உறக்கம் வரும்போது தன் தொடையில் ஊசியால் குத்திக்கொண்டு அமர்வைத் தொடர்ந்த சீன ஆசான் ஒருவரின் நிகழ்ச்சி அவர் கண்ணில் பட்டது. அதுவே அவரை மீண்டும் பயிற்சிக்குக் கொண்டுவந்தது. கதைகளை இகழ்ந்து விலகியவரைத் திருப்பியதும் ஒரு கதையே என்ற முரணை அவ்வயதில் அவர் உணர்ந்திருக்க இயலாது.

இரண்டாம் ஒதுக்கல்: தூரிகை

பயிற்சிக்குத் திரும்பிய பின்னரும் ஓவியத்திலும் எழுத்துக்கலையிலும் அவருக்கிருந்த பற்று நீங்கவில்லை. ஷிகொக்கு தீவிலுள்ள மத்சுயாமாவில் தங்கியிருந்தபோது உயர்குடி வீடொன்றில் பழைய எழுத்துச்சுருள் ஒன்று காட்டப்பட்டது. பல உறைகளுக்குள் பொதியப்பட்டுப் பெருமதிப்புடன் காக்கப்பட்ட அச்சுருள் முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஜென் ஆசான் ஒருவர் எழுதியது. கைத்திறன் என்ற அளவில் அதில் வியக்கத்தக்கது எதுவுமில்லை. அதன் மதிப்பு எழுதியவரின் அகநிலையிலிருந்தே வந்தது என்பது ஹாகுயினுக்கு விளங்கியது. இருப்பிடம் திரும்பியதும் தாம் அதுவரை போற்றிச் சேர்த்து வைத்திருந்த எழுத்துகளையும் ஓவியங்களையும் தீயிலிட்டார்.

இந்நிகழ்ச்சியை கலை வெறுப்பு என்று கொள்வது பொருந்தாது. எரிக்கப்பட்டது கலையைப் பற்றிய ஒரு கருத்து. திறனை ஈட்டினால் மதிப்பு வரும், மதிப்பு வந்தால் 'நான்' நிலைபெறும் என்ற எண்ணமே அங்குத் தீக்கிரையாயிற்று. எனினும் அவ்வயதில் அவருக்குத் தெரிந்த தீர்வு முற்றாக விலகுதல் ஒன்றே. தூரிகை இருக்குமிடத்தில் பயிற்சி இராது என்ற முடிவோடு அவர் அதனை நீங்கினார்.

1707இல் ஃபுஜி மலை வெடித்தது. ஹரா நடுங்கியபோது பிறர் வெளியேறியும் அவர் ஷோயின்ஜியின் மண்டபத்தில் அசையாது அமர்ந்திருந்தார் என அவரே பதிவு செய்துள்ளார். அடுத்த ஆண்டு எச்சிகோ பகுதியிலுள்ள எய்கன்ஜியில், நாய்க்குப் புத்த இயல்பு உண்டா என்னும் வினாவுக்கு ஜோஷு அளித்த 'மூ' என்ற மறுமொழியைப் பற்றிய கோஆனில் இரவுபகலாக மூழ்கியிருந்தார். தொலைவில் கோயில் மணி ஒலித்தது. அவ்வொலியில் அவருடைய ஐயம் உடைந்தது. யாந்தோவ் நலமாகவே இருக்கிறார் என்ற தெளிவு பிறந்தது. அதனுடன் செருக்கும் பிறந்தது. முந்நூறு ஆண்டுகளில் இத்தகைய விழிப்பை எவரும் அடைந்ததில்லை என்று தாம் கருதியதை முதுமையில் அவர் எள்ளலுடன் நினைவுகூர்கிறார்.

அச்செருக்கை உடைத்தவர் இயாமா மலைப்பகுதியில் ஒதுங்கி வாழ்ந்த தோக்கியோ எத்தான் (1642-1721). 'ஷோஜு முதியவர்' என அறியப்படும் இவர், ஹாகுயின் தம் தெளிவைச் செய்யுளாக எழுதி நீட்டியபோது அதனை ஒதுக்கி, கற்றதைக் காட்ட வேண்டாம், கண்டதைக் காட்டு எனக் கேட்டார். மறுமொழி கூற முயன்றவரின் மூக்கைப் பிடித்துத் திருகினார். குகைக்குள் அடைந்துகிடக்கும் பேய் என ஏசினார். ஏறத்தாழ எட்டு மாதம் இவ்வாறு கழிந்தது. ஒருநாள் பிச்சைக்குச் சென்ற ஹாகுயின் தம்மை மறந்து ஒரு வீட்டு வாயிலில் நிற்க, விலகிப் போகாத துறவியின்மீது சினம் கொண்ட வீட்டுக்காரர் துடைப்பத்தால் ஓங்கி அடித்தார். மயங்கி வீழ்ந்து எழுந்தபோது புரியாதிருந்த கோஆன்கள் புரிந்தன.

கற்பித்தலியல் நோக்கில் இங்கு இரு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, மாணவரின் உண்மையான அனுபவத்தையும் ஆசான் உறுதிசெய்ய மறுக்கலாம், மறுப்பதும் கற்பித்தலே. இரண்டாவது, தெளிவு என்பது முடிந்துபோன நிகழ்ச்சியன்று. அது மீண்டும் மீண்டும் ஆழப்பட வேண்டியது. பெரிய அளவிலும் சிறிய அளவிலும் பலமுறை தமக்கு விழிப்பு நேர்ந்ததாக ஹாகுயின் எழுதுவது இப்பட்டறிவின் விளைவாகும்.

மூன்றாம் ஒதுக்கல்: உடல்

இடையறாத அமர்வு உடலைப் பாதித்தது. தலை கொதித்தது, கால்கள் பனிபோல் குளிர்ந்தன, காதுகளில் ஓயாத இரைச்சல் எழுந்தது, காரணமற்ற அச்சமும் கண்ணீரும் வந்தன. மரபில் இதற்கு 'ஜென் நோய்' என்றே பெயர் உண்டு. மருத்துவர்களால் தீர்க்க இயலாத இந்நோயோடு கியோட்டோவுக்கு அருகிலுள்ள ஷிராகாவா மலைக்குச் சென்று, குகையில் வாழ்ந்த ஹாகுயூ என்னும் முனிவரைக் கண்டதாக 1757இல் வெளிவந்த 'யாசென் கன்னா' நூலில் அவர் கூறுகிறார். தலைக்கு ஏறிய உயிராற்றலைக் கொப்பூழுக்குக் கீழே இறக்கி நிறுத்தும் அகநோக்கு முறையையும், நறுமணமுள்ள வெண்ணெய்க் கட்டியொன்று உச்சந்தலையிலிருந்து உருகி உடலெங்கும் வழிந்து பாதம்வரை இறங்குவதாகக் கற்பனை செய்யும் முறையையும் அம்முனிவர் கற்பித்தார் என்பது நூலின் சாரம்.

இங்கு ஒரு சான்றுச் சிக்கல் உள்ளது. ஹாகுயூ என்ற பெயரில் அம்மலைப் பகுதியில் ஒருவர் வாழ்ந்தது உண்மை. ஆனால் அவர் 1709இல் இறந்தார். ஹாகுயின் தம் சந்திப்பு நிகழ்ந்ததாகக் குறிப்பிடும் ஆண்டோ 1710. மேலும், முனிவரின் வயது இருநூறுக்கு மேல் என்ற வகையில் நூல் பேசுகிறது. நூலின் முன்னுரை மாணவர் ஒருவர் எழுதியதாக அமைந்திருப்பினும், பசியையும் குளிரையும் பெயராகக் கொண்ட அம்'மாணவர்' ஹாகுயினே. ஆகவே இந்நூலை நாட்குறிப்பாக வாசித்தல் கூடாது. தம்மைச் சுற்றியிருந்த இளந்துறவியர் கடும் பயிற்சியால் நோயுறுவதைக் கண்ட ஆசிரியர் ஒருவர், தாம் பட்டறிந்த மருந்தை அவர்கள் மனங்கொள்ளும் வகையில் கதையாக்கித் தந்தார் என்று கொள்வதே பொருத்தம். நோய் மெய், மருந்தும் அவர் நம்பிய மெய். முனிவரின் குகை புனைவின் ஒப்பனை பெற்றது.

இளமையில் உடல் என்பது வென்று அடக்க வேண்டிய பகையாக அவருக்குத் தோன்றியது. தொடையில் குத்திய ஊசியே அன்றைய முன்மாதிரி. முதுமையில் அவர் கற்பித்ததோ உச்சியிலிருந்து உருகி இறங்கும் வெண்ணெய். ஊசியிலிருந்து வெண்ணெய்க்கு அவர் வந்த தொலைவே உடலைப் பற்றிய அவருடைய பார்வை மாற்றத்தின் அளவுகோலாகும். ஆயினும் முயற்சியை அவர் தளர்த்தவில்லை. முயற்சி நெடுங்காலம் நிலைக்க வேண்டுமாயின் உடல் உடன்வர வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை.

திருப்பம்: 1726

ஹாகுயின் 1716ஆம் ஆண்டின் இறுதியில், நோயுற்ற தந்தையின் விருப்பத்தால் ஷோயின்ஜிக்குத் திரும்பினார். அக்கோயில் பாழடைந்திருந்தது, மழைநாளில் உள்ளேயே நனையாதிருக்க மழைத்தொப்பி அணிய வேண்டியிருந்தது என வாழ்க்கை வரலாறு கூறுகிறது. 1718இல் தலைமைக் கோயிலான மியோஷின்ஜியில் உரிய துறவுநிலை பெற்று 'ஹாகுயின்' என்ற பெயரை ஏற்றார். தலைநகரின் பெருங்கோயில்களை நாடாமல் வாழ்நாள் முழுவதும் இச்சிற்றூர்க் கோயிலையே தம் இடமாகக் கொண்டார்.

நெடுங்காலமாக அவரை ஒரு செய்தி உறுத்தி வந்தது. மெய்யறிவை நாடும் உள்ளமாகிய போதிசித்தம் இல்லாதவர், எத்தகைய பெரும் அறிஞராயினும் பேய்நெறியில் வீழ்வர் எனக் கசுகா தெய்வம் உரைத்ததாக ஒரு பழங்கதை உண்டு. அவ்வாறாயின் போதிசித்தம் என்பது எது என்ற வினாவை அவர் பல்லாண்டுகள் சுமந்தார். 1726இல் ஓர் இரவு, இளமையில் ஏமாற்றம் தந்த அதே தாமரைச் சூத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்தது உவமை பற்றிய இயல். அப்போது கோயிலின் அடித்தளக் கற்களிடையே பூச்சியொன்று ஒலித்தது. நூலின் உட்பொருள் அக்கணத்தில் திறந்தது. அவர் அடக்கவியலாமல் அழுதார். போதிசித்தம் என்பது பிறர்க்கு அறத்தை ஈதலே, கற்பித்தலே என்ற தெளிவு பிறந்தது.

இந்நிகழ்ச்சி ஹாகுயினின் வாழ்வை இரண்டாகப் பகுக்கிறது. அதற்கு முன்னிருந்த நாற்பதாண்டுகள் தம் விடுதலைக்காக. பின்னிருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் பிறர்க்காக. இளமையில் 'வெறும் கதைகள்' என ஒதுக்கிய நூலே இத்திருப்பத்தின் வாயிலாக அமைந்தது தற்செயலன்று. உவமை என்பது அறியாதவரை நோக்கி அறிந்தவர் இறங்கி வரும் படி. தமக்காக மட்டும் தேடிய இளைஞருக்கு அப்படியின் தேவை தெரியவில்லை. பிறர்க்குச் சொல்லியாக வேண்டிய நிலையில் இருந்த ஆசிரியருக்கு அதுவே நூலின் உயிராகத் தோன்றியது.

கற்பித்தல் முறை

ஹாகுயினின் கற்பித்தல் மூன்று தூண்களின்மேல் நின்றது: பெருநம்பிக்கை, பேரையம், பெரும் உறுதி. சீன ஆசான் காவ்ஃபெங் யுவான்மியாவ் (1238-1295) கூறிய இம்மூன்றையும் ஹாகுயின் இடைவிடாது வலியுறுத்தினார். இவற்றுள் பேரையம் கருதத்தக்கது. ஐயத்தை நீக்குவதே ஆசிரியர் பணி எனப் பொதுவாகக் கருதப்படும். ஹாகுயினோ ஐயத்தை வளர்த்தார். மாணவர் முழுவதும் ஐயமாகவே உறைந்து நிற்கும் நிலையை உருவாக்குவதே கோஆனின் பணி. அவ்வுறைவு உடையும்போது தெளிவு பிறக்கும் என்பது அவர் கொள்கை.

பழைய கோஆன்கள் நூலறிவாகச் சுருங்கி, மறுமொழிகள் மனப்பாடமாகக் கைமாறிய சூழலில், அறுபது வயதைக் கடந்தபின் அவர் புதிய கோஆன் ஒன்றை உருவாக்கினார். இரு கைகள் சேர்ந்தால் ஓசை பிறக்கும். ஒற்றைக் கையின் ஓசை எது என்பது அதன் வினா. சீன வரலாறோ நூற்பயிற்சியோ இதற்குத் தேவையில்லை. உழவரும் வணிகரும் பெண்டிரும் உடனே ஏந்தக்கூடிய வினா இது. தொடக்க மாணவரிடம் 'மூ' கோஆனைக் காட்டிலும் இதுவே விரைந்து ஐயத்தைக் கிளர்த்துகிறது என அவர் தம் பட்டறிவிலிருந்து எழுதியுள்ளார். கற்பிக்கும் பொருள் மாறாதிருக்க, கற்போருக்கேற்பக் கருவியை மாற்றியமைக்கும் ஆசிரியத் திறனுக்கு இது சான்றாகும்.

1740இல் சீன ஆசான் ஷூதாங்கின் உரைத்தொகுப்பைப் பற்றி அவர் நிகழ்த்திய சொற்பொழிவுக் கூட்டத்திற்கு ஏறத்தாழ 400 பேர் திரண்டனர். சிறிய கோயிலில் இடமின்றி மாணவர் சுற்றுப்புறத்து வீடுகளிலும் பாழடைந்த கட்டடங்களிலும் தங்கினர். துறவியர்க்குச் செந்நூல்களின் விரிவுரை. குறுநில மன்னர்க்கு ஆட்சியறம் பற்றிய நெடுமடல். எளிய மக்களுக்கு வழக்குமொழிப் பாடல் என அவர் எழுத்து கேட்போரைப் பொறுத்து வடிவம் மாறியது. 1749இல் வெளிவந்த 'ஒராத்தெகாமா' மடல்களின் தொகுப்பாகும். 'ஹெபிஇச்சிகோ' என்னும் மடலில் மன்னர்களின் ஆடம்பரத்தையும் அதனால் உழவர்மீது ஏறும் சுமையையும் அவர் கண்டிக்கிறார். 'சாசென் வாசான்' என்னும் எளிய ஜப்பானியப் பாடல் ரின்சாய் கோயில்களில் இன்றும் ஓதப்படுகிறது.

முதுமையின் தூரிகை

இளமையில் எரித்த தூரிகையை ஹாகுயின் மீண்டும் கையிலெடுத்தார். எஞ்சியுள்ள ஓவியங்களில் மிகப் பெரும்பாலானவை அவருடைய முதுமைக்குரியவை. இவற்றைத் தொழில்முறை ஓவியரின் படைப்புகளோடு ஒப்பிட்டால் வேறுபாடுகள் புலனாகும். முதலில் இட்ட மெல்லிய கோடுகளைப் பின்னர் இட்ட தடித்த கோடுகள் பின்பற்றுவதில்லை. பிழைபோல் தோன்றும் அப்பழைய கோடுகள் மறைக்கப்படவுமில்லை. எழுத்துச்சுருள்களில் மேலே பெரிதாகத் தொடங்கும் எழுத்துகள் கீழே இடமின்றி நெருங்கிச் சிறுக்கின்றன. திறனைக் காட்டும் நோக்கம் அங்கில்லை. மத்சுயாமாவில் கண்ட எளிய சுருளின் பாடம் அரை நூற்றாண்டுக்குப் பின் அவர் கையிலேயே வெளிப்பட்டது எனலாம்.

ஓவியங்களின் பாடுபொருளும் அத்தகையதே. ஓயிதா நகரின் மன்ஜுஜியில் உள்ள போதிதருமர் ஓவியம் ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுடையது. அகன்ற கண்களுடன் காண்போரை நேருக்கு நேர் வினவுவதுபோல் அது அமைந்துள்ளது. பருத்த வயிற்றுடன் சிரிக்கும் ஹொத்தெய், நீரில் தோன்றும் நிலவை எட்டிப் பிடிக்க முயலும் குரங்கு, பெருவழியில் செல்லும் மன்னர் பரிவாரம், அவற்றுக்கெல்லாம் மேலாக ஃபுஜி என ஹராவின் மக்கள் அறிந்த உலகமே அவற்றில் நிறைந்துள்ளது. ஒற்றைக் கையின் ஓசையைக் கேட்டதாக அவர் ஏற்றுக்கொண்ட இல்லறத்தார்க்குத் தடியொன்று நாகமாக உருமாறும் ஓவியத்தைச் சான்றாக வழங்கினார். ஓவியம் இங்குக் கற்றல் நிறைவின் பட்டயமாயிற்று.

மரப்பாலத்தைக் கடக்கும் பார்வையற்றோர் ஓவியம் தனித்து நோக்கத்தக்கது. பெரிய வெண்பரப்பின் நடுவே மெலிந்த ஒரு மரத்துண்டு. அதன்மேல் மிகச்சிறிய மனித உருவங்கள். ஒருவர் தவழ்கிறார், ஒருவர் கோலால் தடவுகிறார், செருப்புகள் கோலில் தொங்குகின்றன. இவ்வோவியத்தின் ஒரு வடிவத்தில் பாலத்தின் முனை மறுகரையைத் தொடவில்லை. நரக நெருப்பின் ஓசைக்கு அஞ்சிய சிறுவனின் நடுக்கம் இவ்வோவியத்திலும் உள்ளது. ஆனால் அது இப்போது கடப்போர்மீது கொண்ட பரிவாக மாறியுள்ளது. மறுகரையைக் காட்டி ஆறுதல் சொல்லாமல், கடத்தலின் உண்மையை மட்டும் காட்டுவது ஷோஜு முதியவரிடம் பயின்றவரின் கண்டிப்பு. அவ்வுருவங்களை நகைப்பிற்குரியனவாகவும் அன்பிற்குரியனவாகவும் ஒருசேரத் தீட்டியது ஹாகுயினுக்கே உரிய கனிவு.

மறுப்பும் மதிப்பீடும்

இவ்வாய்விற்கு ஒரு மறுப்பு எழலாம். தூரிகை எரிப்பு, மணியோசை, முனிவரின் குகை, பூச்சியின் ஒலி ஆகியவற்றைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி ஹாகுயினே முதுமையில் எழுதியவை. அல்லது அவர் வாய்மொழியைக் கேட்ட மாணவர் தொகுத்தவை. 'இத்சுமாதெகுசா' என்னும் தன்வரலாறு அவருடைய எண்பது வயதை ஒட்டி இயற்றப்பட்டது. எனவே, ஒழுங்கான இத்திருப்பங்கள் பின்னோக்கிப் புனையப்பட்டவை ஆகலாம் என்பது அம்மறுப்பு.

இம்மறுப்பில் உண்மை உண்டு. ஹாகுயூவின் நிகழ்ச்சி அதற்கு வெளிப்படையான சான்று. எனினும் இம்மறுப்பு கருதுகோளை வலுவிழக்கச் செய்யாமல் வேறொரு வகையில் உறுதிப்படுத்துகிறது. தம் வாழ்வையே மாணவர்க்கான உவமையாக வடித்துத் தரும் அளவிற்குக் கதையின்மீது அவர் நம்பிக்கை கொண்டார் என்பதே இதன் பொருள். மேலும், தம் செருக்கையும் அச்சத்தையும் நோயையும் அடிபட்டு வீழ்ந்ததையும் அவர் மறைக்கவில்லை. தன்புகழுக்காக எழுதுபவர் தோல்விகளை இத்துணை விரிவாகப் பதிவு செய்வது அரிது. வரலாற்றாசிரியர் நாள்களைச் சரிபார்க்க வேண்டும். கற்பித்தலை ஆராய்பவரோ அந்நிகழ்ச்சிகள் யார்பொருட்டுச் சொல்லப்பட்டன என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும்.

ஹாகுயினின் கற்பித்தல் அவரோடு முடியவில்லை. தோரேய் என்ஜி அம்முறையை ஒழுங்குபடுத்தினார். காசான் ஜித்தோவின் மாணவர்களான இன்சான், தக்குஜு ஆகிய இருவரின் வழியே கோஆன் பயிற்சி படிநிலைப் பாடத்திட்டமாக வளர்ந்தது. இன்றைய ஜப்பானிய ரின்சாய் ஆசான்கள் அனைவரும் தம் மரபை ஹாகுயின் வழியாகவே காட்டுகின்றனர். பாடத்திட்டமாக இறுகியதும் கோஆன் மீண்டும் மனப்பாட விடையாகும் இடர் அதனுடனேயே தொடர்கிறது. ஹாகுயின் எதிர்த்த நோய் அவர் தந்த மருந்தின் வடிவிலேயே திரும்பி வரக்கூடும் என்பதைக் கற்பித்தலில் ஈடுபட்டோர் எளிதில் உணர்வர்.

முடிவுரை

ஹாகுயின் இளமையில் கதை, தூரிகை, உடல் ஆகியவற்றைத் தம் விடுதலைக்குத் தடை எனக் கருதி ஒதுக்கினார். 1726இல் கற்பித்தலே போதிசித்தம் எனத் தெளிந்தபின் அம்மூன்றும் புதிய பொருளோடு திரும்பின. கதை மாணவர்க்கு மருந்தாயிற்று. தூரிகை எழுத்தறியாதார்க்கும் விரிவுரையாயிற்று. உடல் பயிற்சியைத் தாங்கும் நிலமாயிற்று.

ஒரே தூரிகை ஒரு காலத்தில் தடையாகவும் பிறிதொரு காலத்தில் வழியாகவும் இருந்தமையால், படைப்பு பயிற்சிக்குப் பகையா துணையா என்னும் வினாவுக்குப் பொருளைக் கொண்டு மட்டும் விடைகூற இயலாது. அது யாரை நோக்கி நீட்டப்படுகிறது என்பதே அவர் வாழ்வில் வேறுபாட்டை உண்டாக்கியது. மத்சுயாமாவில் எரிந்த தாள்கள் பிறர் பாராட்டை எதிர்நோக்கியவை. ஹராவில் தீட்டப்பட்டவையோ பெருவழியில் சென்றோர்க்கும் ஊரார்க்கும் மாணவர்க்கும் வழங்கப்பட்டவை.